மழைக்காலத்தில் ஆர்ட் ஜர்னல்: ஸ்டாம்ப் மையும் பெயின்ட்டும் ஏன் சேறாகின்றன?

ஜூன் 8, மாலை (கேள்வி)

நோட்டுப் பக்கத்தில் ஸ்டாம்ப், பெயின்ட், தாள் என்று அடுக்கடுக்காகப் போடும் இந்த ஆர்ட் ஜர்னல் எல்லாம் காய்ந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அக்கா. ஸ்டாம்ப் அடித்து அதன் மேல் பெயின்ட் தடவினால் பக்கம் முழுக்க ஊதாச் சேறு. சரி என்று பெயின்ட்டைக் காயவைத்து அதன் மேல் ஸ்டாம்ப் அடித்தால், மறுநாளும் மை விரலில் ஒட்டுகிறது. காய்ந்துவிட்டது என்று நம்பி மூடிவைத்த நோட்டு திறக்க மாட்டேன் என்கிறது. இழுத்தால் ஒரு பக்கத்துப் பூ எதிர்ப்பக்கத்தில் வந்து உட்காருகிறது. ரங்கூனில் மழை முடியும்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தப்பு என்றால் காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

மூட்டை கட்டாதே தங்கச்சி. மூன்று தனித்தனித் தொல்லைகளை மொத்தமாக மழையின் தலையில் போடுகிறாய். முதலாவதுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை. பாலைவனத்தில் உட்கார்ந்து செய்தாலும் அது சேறாகத்தான் ஆகும்.

ஊதா என்றாயே, அது ரசீதில் அடிக்கிற ஆபீஸ் இங்க் பேட்தானே? அந்த மை வெறும் தாளுக்காகச் செய்தது. தண்ணீர் பட்டால் கரையும், பெயின்ட்டிலோ தண்ணீர் இருக்கிறது, அதுதான் உன் முதல் சேறு. பேட் நாள்கணக்கில் ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதில் கிளிசரின் போல ஏதாவது ஒன்றைக் கலந்திருப்பார்கள். தாளில் அடித்தால் தாள் உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்த மாதிரி தெரியும். உன் பெயின்ட் அக்ரிலிக், காய்ந்தால் உறிஞ்சாது, அது பிளாஸ்டிக் தோல். மை அதன் மேல் அப்படியே நிற்கும். கிளிசரினோ காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மழை உள்ளே வருவது இங்கேதான். உன் இரண்டாவது தொல்லை இது.

மூன்றாவதை, பக்கம் ஒட்டுவதை, நாளைக்கு எழுதுகிறேன். கரன்ட் போகப்போகிறது.

ஜூன் 9, காலை

ஒட்டுவதற்கு முன் மையை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் கேள்விகள் அதிலேயே சுற்றும்.

மை வாங்கும்போது நான் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது, இது தாளுக்குள் இறங்குகிற மையா, மேலே உட்காருகிற மையா, எதையும் பிடித்துக்கொள்கிற மையா என்பதைத்தான். டை இங்க், அதாவது கரைந்த சாய மை, இறங்கும், சீக்கிரம் காயும், ஆனால் பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் ஓடும். பிக்மென்ட் இங்க், நிறப்பொடி கலந்தது, மேலே உட்காரும், நிறம் அடர்த்தியாக இருக்கும், காய நேரம் எடுக்கும். வழுவழுப்பான பரப்பில் சூடு காட்டினால்தான் நிற்கும். மூன்றாவது ஸ்டேஸான் போன்ற சால்வன்ட் மை. கண்ணாடி, பிளாஸ்டிக், காய்ந்த அக்ரிலிக் எதுவானாலும் பிடித்துக்கொள்ளும், தண்ணீருக்குக் கலையாது. வாடை உண்டு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். விலையும் அதிகம். பக்கத்தின் மேலடுக்கில் அடிப்பதற்குக் கறுப்பு ஒன்று மட்டும் வாங்கினால் போதும், மீதி நிறங்களுக்குப் பெயின்ட் இருக்கிறது.

டப்பாவின் மேல் போட்டிருப்பதை நம்பாதே. கழிவுத்தாளில் ஒன்று, பெயின்ட் அடித்த தாளில் ஒன்று அடித்து, ஒரு ராத்திரி விட்டு, ஈர விரலால் குறுக்கே ஒரு இழுப்பு இழு. கலையாதது மேலடுக்குக்கு. கலைவதையும் வீசாதே, அதற்கும் வேலை இருக்கிறது.

ஜூன் 9, மதியம்

எச்சில் விரல் ஆகுமா என்று ஒரு தம்பி கேட்கிறார். தண்ணீரே போதும் தம்பி.

ஜூன் 12

பக்கம் ஒட்டுவது.

அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் ஆவியானால் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து தோலாகின்றன. தொட்டால் ஒட்டாத நிலை மெல்லிய பூச்சுக்குக் கால் மணியில் வந்துவிடும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரமெல்லாம் வெளியேற நாள்கள் ஆகும், தடித்த பூச்சென்றால் வாரங்கள். காற்றே நனைந்து கிடக்கும் ஜூனில் ஆவியாக இடம் ஏது? அதுவும் போக, முழுக்கக் காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் இளகும் குணம் உள்ளது. இரண்டு அக்ரிலிக் பரப்புகளை நேருக்கு நேர் வைத்து மேலே பாரம் ஏற்றினால் ஒன்றாகிவிடும். ஆர்ட் ஜர்னல் வீடியோ போடுகிறவர்களுக்கும் ஒட்டுகிறது, அந்தக் காட்சியைக் காட்டமாட்டார்கள்.

நான் செய்வது: மீடியம் என்றால் நிறம் சேர்க்காத அக்ரிலிக். அதில் பளபளக்கும் கிளாஸ் வகையை நோட்டுக்குள் விடுவதில்லை, மங்கலான மேட் மட்டும்தான். மங்கலுக்காக அதில் சேர்க்கும் நுண்பொடி பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கும், ஒட்டல் குறையும். பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர். முழுக்கக் காய்ந்த பக்கத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, மெல்லிய துணியால் வழித்துவிடுவேன். ஆனால் மெழுகு பூசிய இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, ஆகவே இனி தொடமாட்டோம் என்ற பக்கத்துக்கு மட்டும். நோட்டைப் படுக்கவைத்து மேலே நாலு புத்தகம் அடுக்காமல், விசிறி மடிப்பாக விரித்து நிறுத்திவை.

டால்கம் பவுடரும் வேலை செய்யும். முகத்தில் பூசும் மரப்பட்டைத் தனக்காவும் பவுடர்தானே என்று ஒருவர் ஆரம்பிப்பார், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பூசிப் பார்த்தாயிற்று, வாசம் நன்றாக இருக்கிறது, உதிர்ந்து மேசையெல்லாம் மஞ்சள்.

ஜூன் 13

மௌலமைனிலிருந்து ஒரு அண்ணன், ‘எங்கள் மழைக்கு முன்னால் ரங்கூன் மழை தூறல்’ என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2700 மில்லிமீட்டர், உங்களுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு நோட்டை வைக்கலாம். நிறம் மாறும் வகையை வாங்கினால் சட்டியில் லேசாக வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம் அண்ணே.

சூடான காற்று ஊதும் ஹீட் கன் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் தெருவில் கரன்ட் அது நினைத்தபோது வருகிறது. நான் காலை வெளிச்சத்தில் மெல்லிய அடுக்காகப் போட்டு, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கத்துக்குப் போய்விடுவேன். நாலைந்து பக்கங்கள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். அவசரமென்றால் ஹேர் டிரையர். அதையும் ஒரே இடத்தில் பிடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் அடைபட்டுக் குமிழியிடும்.

ஜூன் 20

‘கலைவதற்கும் வேலை இருக்கிறது என்றீர்களே, என்ன வேலை?’ நியாயமான கேள்வி. இப்போது மேசையில் இருக்கும் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அடித்தாள் கெட்டியான வாட்டர்கலர் தாள். முதலில் கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, பழைய ஏடிஎம் அட்டையால் இழுத்தது. கெஸ்ஸோவில் சுண்ணப்பொடி இருப்பதால் சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு பிடிமானம் வரும். இழுக்கும்போது ஓரங்களில் சில இடம் விட்டுப்போகும், விட்டுப்போகட்டும். அங்கே தாள் நிறத்தைக் குடிக்கும், மற்ற இடத்தில் நிறம் மேலே வழுக்கும். இந்த வேறுபாடு பிறகு உழைத்தாலும் கிடைக்காது.

அதன் மேல் உன் ஊதா ஆபீஸ் மையால் கோலப் புள்ளி ஸ்டாம்ப், கணக்கில்லாமல். ஈரத் தூரிகை ஒன்றை அதன் மேல் விட்டேன். ஊதா கரைந்து ஓடி, புள்ளிகள் பாதி நின்று பாதி மறைந்து, பக்கம் சாயங்காலம் மாதிரி ஆயிற்று. நீ சேறு என்றது இதைத்தான். அடியில் இருக்கும்போது அது நிழல். அதைப் பூட்டுவதற்கு மேட் மீடியம் ஒரு கை. கலையும் மைமேல் மீடியத்தைத் தூரிகையால் தேய்த்தால் திரும்பவும் ஓடும், ஆகவே நன்றாகக் காய்ந்த பின் அகலத் தூரிகையால் ஒரே போக்கு, திரும்பி வரக்கூடாது. பூட்டிய பிறகுதான் அக்ரிலிக், அதுவும் தண்ணீராக. மஞ்சள் எடுத்தால் ஊதாமேல் பழுப்பாகிவிடும். பழுப்பு வேண்டுமென்றால் எடு.

அடுத்து ஷான் தாள். போஜோக் சந்தையில் இந்தத் தாளில் செய்த நோட்டும் விளக்குக்கூடும் பார்த்திருப்பாய், வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் ஸ்காட் மார்க்கெட் என்பார்களே அங்கேதான். ஷான் மாநிலத்துப் பிண்டயாவில் மல்பெரி வகை மரத்தின் உள்பட்டையை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் சட்டத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்து எடுப்பது. குடைக்கும் இதே தாள். நார் நீளம், நனைந்தாலும் சட்டென்று கிழியாது. இதில் மெல்லிய தாளாகப் பார்த்துக் கலையாத கறுப்பு மையால் மயில் ஸ்டாம்ப் அடித்தேன். கத்தரிக்கோல் வேண்டாம், சுற்றிலும் ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கையால் பிய்த்தால் ஓரம் மயிர்மயிராக வரும். பக்கத்தில் மீடியம் தடவி, தாளை வைத்து, மேலேயும் தடவினேன். வெள்ளையாக இருந்த தாள் மீடியத்தைக் குடித்து மெல்ல மறைந்தது. முதலில் ஓரம் போயிற்று, பிறகு வால் பக்கம். கடைசியில் மயில் மட்டும் ஊதாவின் மேல் நேரே அச்சடித்ததுபோல நிற்கிறது, கிட்டே போனால்தான் நார் தெரியும். ஸ்டாம்ப் கோணலாக விழுந்துவிடுமோ என்ற பயமும் இதில் இல்லை, தனித்தாளில் நன்றாக விழுந்ததைத்தானே ஒட்டுகிறோம்.

ஜூன் 21

நேற்று எழுதியது மெல்லிய ஷான் தாளுக்கு. பூவும் இலையும் பதித்த தடித்த தாள் மறையாது, மேகம் மாதிரி நிற்கும். அந்தத் தாளில் நேரடியாக டை இங்க் அடித்தால் ஊறிப் பரவும், ஏனென்றால் தாளில் கஞ்சி ஏற்றியிருக்கமாட்டார்கள். மையை பேடில் குறைவாகத் தொட்டு, அழுத்தாமல் அடி.

மைதா பசையால் ஒட்டலாமா என்றால், ஒட்டும். கரப்பான், வெள்ளிப்பூச்சி, பூஞ்சணம் மூன்றுக்கும் விருந்து வைத்தது போல ஆகும். புத்தகக் கட்டுக்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். துத்தம் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். வெள்ளைப் பசை சுத்தமானது, ஆனால் காய்ந்த பிறகும் ஈரத்தில் சற்று இளகும். அதனால்தான் மீடியத்தையே பசையாகப் பயன்படுத்துகிறேன்.

ஜூலை 2

கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழையைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே, இதே நாட்டில் ஈரம் இல்லாமல் காயாத பூச்சு ஒன்று உண்டு. பகான் ஊரில் கிண்ணங்களுக்குப் பூசும் லாக்கர். தித்ஸி மரத்தின் பால் அது. தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, ஈரக் காற்றில் வேதிமாற்றம் நடந்துதான் இறுகும். அதனால் பூசிய கிண்ணங்களை வெயிலில் வைக்காமல் தரைக்கு அடியில் குளிர்ந்த, ஈரமான அறைகளில் வைக்கிறார்கள். ஒரு பூச்சு, காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று நல்ல பொருள் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள இருப்பது வேலையின் வரிசை. கறுப்புப் பரப்பில் ஊசிமுனையால் கீறுவார்கள். ஒரு நிறத்தை மொத்தமாகத் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள், கீறலில் மட்டும் நிறம் தங்கும். அதைப் பிசினால் பூட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குக் கீறுவார்கள். பூட்டாமல் அடுத்த நிறம் கிடையாது. ஜூன் 20இல் நான் மேட் மீடியம் பற்றிச் சொன்னதும் அதே வேலைதான், அவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

ஷ்வெஸாவா என்கிற தங்க வேலை இன்னும் கெட்டிக்காரத்தனம். தங்கம் எங்கே வேண்டாமோ அங்கே அரிதாரம் என்ற மஞ்சள் கனிமமும் வேப்பம்பிசினும் கலந்த மஞ்சள் குழம்பால் வரைவார்கள். முழுப் பரப்பிலும் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். பிறகு கழுவுவார்கள். பிசின் கரைந்து தன் மேலிருக்கும் தங்கத்தோடு போய்விடும், மீதி தங்கம் அப்படியே இருக்கும். வரைந்த இடம் கறுப்பு, வரையாத இடம் பொன்.

ஜூலை 3

அரிதாரத்தை எங்கே வாங்கலாம் என்று கேட்கும் தங்கச்சிக்கு: எங்கேயும் வாங்காதே. அது ஆர்சனிக். கதை சொன்னேன், சமையல் குறிப்பு தரவில்லை.

ஜூலை 6

அந்தக் கழுவும் வித்தையை நோட்டில் செய்ய எளிய வழி இருக்கிறது. பிள்ளைகளின் போஸ்டர் கலரைக் கெட்டியாக எடுத்து வரை. போஸ்டர் கலர் காய்ந்தாலும் தண்ணீரில் கரையும், அதுதான் நமக்கு வேண்டும். அதன் மேல் முழுப் பக்கத்துக்கும் தண்ணீரில் கலையாத இந்தியன் இங்க்கை ஒரே வீச்சில் பூசு. நன்றாகக் காய்ந்ததும் தட்டில் வைத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றி, மென்மையான தூரிகையால் வருடு. அடியிலுள்ள போஸ்டர் கலர் கரைந்து மேலிருக்கும் கறுப்பையும் தூக்கிக்கொண்டு போகும். கோடுகள் மரக்கட்டை அச்சு மாதிரி சற்றுச் சிதைந்து வரும், அந்தச் சிதைவுக்காகத்தான் இவ்வளவும்.

நோட்டுக்குள் வைத்துச் செய்ய முடியாது, தனித்தாளில் செய்து ஒட்ட வேண்டும். தாள் கெட்டியாக இருக்கட்டும். ஆபீஸ் தாள் கூழாகிவிடும்.

வேப்பம்பிசினிலும் செய்து பார்த்தேன். வருகிறது. நிறமற்ற பிசின் என்பதால் எங்கே வரைந்தோம் என்றே தெரியவில்லை, கொஞ்சம் மஞ்சள் வாட்டர்கலர் கலந்த பிறகுதான் கண்ணுக்குப் பட்டது. அவர்கள் குழம்பு மஞ்சளாக இருப்பதில் எவ்வளவு வசதி என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 19

ஸ்டாம்ப் எங்கே வாங்குவது என்று பலர். வெளிநாட்டு ஸ்டாம்ப் விலையில் ஒரு மாத அரிசி வாங்கலாம். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டு. அடிப்பக்கத்துச் சொரசொரப்பே ஒரு வடிவம். மொழுமொழுவென்று இருக்கும் ஓரத்தைச் சீவி, பேனாக் கத்தியால் கோலம் கீறலாம். நுணுக்கத்துக்கு அழிரப்பர். தாமரைத்தண்டைக் குறுக்கே வெட்டி, துணியில் ஒற்றிக் காயவைத்துப் பெயின்ட்டில் தோய்த்து அடித்தால், கடையில் விற்கும் எந்த வட்ட ஸ்டாம்பும் அதன் முன் நிற்காது. வெண்டைக்காய் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாள்தான் தாங்கும்.

எழுத்து செதுக்குவது பற்றி: பென்சிலால் டிரேசிங் தாளில் எழுதி, குப்புற வைத்துத் தேய்த்தால் அழிரப்பரில் தானாகவே இடவலம் மாறி இறங்கும். கண்ணாடியில் பார்த்து எழுத வேண்டாம். சுழியுள்ள எழுத்துகளில் உள்வட்டத்தை முதலில் குடைந்துவிடு, வெளியை முதலில் வெட்டினால் மெல்லிய சுவர் பிய்ந்துவிடும்.

அக்ரிலிக்கில் தோய்த்து அடித்தால் உடனே கழுவு. ‘அப்புறம் கழுவலாம்’ என்று வைத்தால் கோடெல்லாம் அடைந்துவிடும். அடைந்துவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய டூத்பிரஷ், காய்ந்த அக்ரிலிக்கை ஸ்பிரிட் இளக்கும்.

ஜூலை 20

கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, பெயின்ட் தடவித் தாளில் அச்செடுக்கும் ஜெல் பிளேட் செய்யலாமா என்று ஒரு அண்ணி. ஜெலட்டின் வளையும், கடற்பாசி உடையும். தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுவிடுங்கள் அண்ணி.

ஆகஸ்ட் 4

தாத்தாவின் ஆல்பத்துத் தபால்தலைகளைப் பக்கத்தில் ஒட்டப்போவதாக ஒரு தம்பி படம் போட்டிருக்கிறார். தம்பி, கையை எடுங்கள். அதிலிருப்பது 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்தியத் தபால்தலையின் மேல் ‘பர்மா’ என்று அச்சடித்து வெளியிட்டது. கீழ் வரிசையில் மயில் தெரிகிறதே, 1942இல் ஜப்பானியர் காலத்தில் மயிலை மேலச்சடித்தார்கள், அந்த வகையாக இருக்கலாம். போலிகளும் நிறைய உண்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். ராஜா தலைமேல் ஊர்ப்பெயர், பிறகு மயில் என்று ஒவ்வொரு அரசாங்கமும் ஓர் அடுக்கு ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் இன்னொன்று ஏற்ற வேண்டாம். மீடியத்தில் ஒட்டினால் திரும்ப எடுக்கவே முடியாது. நகல் எடுத்து ஒட்டுங்கள்.

நகல் என்றால் லேசர். அதன் மைப்பொடியான டோனர் தண்ணீருக்குக் கலையாது. வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் மீடியம் பட்டதும் பெரும்பாலும் ராஜா முகம் ஓடிவிடும்.

ஆகஸ்ட் 5

லேசர் நகல் பற்றிச் சொன்னதும் எனக்குப் பிடித்த வேலை ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தா ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. அவர் கைப்பட எழுதிய பேரேட்டில் கொஞ்சம் எங்களிடம் தப்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தை லேசர் நகல் எடுத்து, மையிருக்கும் பக்கம் கீழே வரும்படி, மீடியம் தடவிய பக்கத்தில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் தாளின் முதுகை நனைத்து விரல்நுனியால் உருட்டி உருட்டித் தேய்த்தால் தாள் புழுப்புழுவாகத் திரண்டு வரும், டோனர் மட்டும் பக்கத்திலேயே தங்கும். ஒரே முறையில் எல்லாத் தாளையும் எடுக்கப் பார்த்தால் எழுத்தும் வந்துவிடும். காயவிட்டு, வெள்ளை படிந்த இடத்தை மறுபடி நனைத்துத் தேய்.

எழுத்து திரும்பி விழும். ஆகவே கடையில் மிரர் நகல் என்று கேட்டு வாங்க வேண்டும். கடைப்பையன் புரியாமல் விழிப்பான், கணினியில் திருப்பிக்கொண்டு போய்க் கொடுப்பது சுலபம்.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்ட தங்கச்சி பக்கம் போட்டிருக்கிறாள். மை கலையவில்லை, பக்கம் திறக்கிறது. சந்தோஷம்.

ஆனால் ஒன்று சொல்லவா? கெஸ்ஸோ, ஊதா, மயில், பேரேடு, தாமரைத்தண்டு, பொன் நிறம் என்று இழையில் சொன்ன அத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. எனக்கும் அதில் பங்குண்டு, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தது நான்தான். கண் நிற்க இடமில்லை. மயிலும் பேரேட்டு எழுத்தும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. இரண்டும் முன்னால் வரப் பார்க்கின்றன. பேரேட்டின் மேல் வெள்ளை அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டு மெல்லிசாக இழு, எழுத்து பின்னால் போய்விடும். வலது கீழ்மூலையை முழுக்க மூடு. மனசு வராது, மூடு. அங்கே இருக்கும் வெண்டைக்காய்ப் பூக்கள் அழகுதான், ஆனால் யாரும் அவற்றைப் பார்க்கப்போவதில்லை, மயில் அதற்கு எதிர்ப்பக்கம்தான் பார்க்கிறது.

ஆகஸ்ட் 24

கெஸ்ஸோவால் மூடாதே, மேட் மீடியத்தில் வெள்ளை கலந்து மூடு. முழுக் கெஸ்ஸோ அடித்தால் அந்த மூலை மட்டும் சுண்ணாம்புச் சுவராக நிற்கும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே ஒரு ராத்திரி. இங்கே நேற்றிலிருந்து மழை விடவில்லை, அங்கேயும் அப்படியென்றால் இரண்டு ராத்திரியாக வைத்துக்கொள்.